வளர்ச்சிக்கு உதவாத தொலைபேசி

பாஸ்ச்சர்லைன் நிறுவனத்தில் விடுப்புக்கு எல்லை கிடையாது. வருடத்துக்குப் பதினைந்து நாள் என்று இருந்த காலத்தில் எல்லோரும் பதினைந்து நாளையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லை நீக்கப்பட்ட பிறகு சராசரி நான்கு நாளுக்கு இறங்கியது. ஊழியர்களின் ஈடுபாடு பெருகிவிட்டதற்கு இதுவே சான்று என்று நிறுவனம் வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டியது. கோடு கீழ்நோக்கித்தான் போயிற்று. ஆனால் பச்சை நிறத்தில் போயிற்று.

ரோண்டா வீஸ் பதினான்கு மாதமாக ஒரு நாள்கூட எடுக்கவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. எட்டு மாதம் காத்திருந்ததில் அறுவை சிகிச்சைக்கு அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது ஜூன் மாதம்தான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இடையில் விஸ்கான்சின் மாநிலத்தின் பனிக்காலம் ஒன்று முழுசாக இருந்தது. போன வருடம் வீட்டு வாசலில் பனி வாரும்போது கால் மடங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரரின் நாய் வந்து முகத்தை நக்கும்வரை கிடந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் போனை யார் எடுப்பது என்பதுதான் கேள்வி.

பாஸ்ச்சர்லைன் பால் பண்ணைகளுக்குப் போகும் கால்நடை மருத்துவர்களுக்கான மென்பொருளைச் செய்கிறது. எந்த மருத்துவர் எந்தத் தொழுவத்துக்கு எப்போது போக வேண்டும், எந்தப் பசுவுக்கு என்ன ஊசி போட்டது, ஊசி போட்ட பசுவின் பாலை எத்தனை நாள் விற்காமல் கொட்டிவிட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். இல்லாதபோது மருத்துவர்கள் போன் செய்வார்கள். மார்ச் மாதம் புதிய பதிப்பு வந்ததிலிருந்து நிறையவே இல்லாமல் போயிற்று. பாலைக் கொட்டிவிட வேண்டிய நாட்களைக் காட்டும் மருந்துப் பக்கம் எங்கோ ஒளிந்துகொண்டது. செத்துப்போன பசுக்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போயிற்று. ரோண்டா நாளுக்கு எழுபது அழைப்பு எடுத்தாள்.

அவள் சேர்ந்தபோது கம்பெனியில் மொத்தம் நாலு பேர். டயர் கடை ஒன்றின் மாடியில், குளிருக்குக் கோட்டைக் கழற்றாமல் வேலை பார்த்தார்கள். நிறுவனர் டெரெக் ஆஸ்ட்பியின் ஸ்வெட்டரில் முழங்கையில் ஓட்டை இருக்கும். இப்போது மேடிசன் நகரின் கிழக்கே மூன்று தளம், இருநூற்று அறுபது பேர். டெரெக்கின் ஸ்வெட்டரில் இன்னும் ஓட்டை இருந்தது, ஆனால் அது வாங்கும்போதே இருந்த ஓட்டை.

இந்த வளர்ச்சியை ரோண்டா பழிக்க மாட்டாள். மதியச் சாப்பாடு இலவசம். புதன்கிழமைகளில் சுடச்சுடப் பொரித்த பாலாடைக்கட்டி உருண்டைகள் வரும். அவள் உட்காரும் நாற்காலியின் விலைக்கு அவளுடைய முதல் காரை இரண்டு தடவை வாங்கியிருக்கலாம். முன்பு தீவன ஆலையில் கணக்கு எழுதிய காலத்தில் பல்வலிக்கே யோசிக்க வேண்டியிருந்தது. இப்போதைய காப்பீடு முழங்கால் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். இவை போக, அவளால் யாரிடமும் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றும் இருந்தது. வெளியாட்கள் வரும்போது டெரெக் அவர்களை அவளுடைய மேசைக்கு அழைத்து வருவான். "இவங்கதான் ரோண்டா. அஞ்சாவது ஆள். எங்க முதல் குரல்" என்பான். அவள் தலையைக் குனிந்து ஏதாவது காகிதத்தை எடுப்பாள். வீட்டுக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, அதை மறுபடி ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

ஆகவே, தனக்கு ஒரு மாற்று ஆள் வேண்டும் என்று கேட்கப் போனபோது, உள்ளுக்குள் ஒரு மூலை அந்த ஆள் கிடைக்காமலே போகட்டும் என்று நினைத்ததை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படியேறினாள்.

ஊழியர் நலத்தைப் பார்த்துக்கொள்வது 'மனிதர்களும் மகிழ்ச்சியும்' என்ற துறை. அதன் தலைவி பெய்ஜ் முப்பத்து நாலு வயதுக்காரி. யார் எதைச் சொன்னாலும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"உங்க வலியை எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு முதல்ல நன்றி ரோண்டா" என்றாள்.

"பகிர்ந்துக்கலம்மா. லீவு கேக்க வந்தேன்."

"லீவு கேக்கவே வேணாம். அது உங்களோடது. எப்பவும் உங்ககிட்டதான் இருக்கு."

"சரி. நான் போயிட்டா போனை யாரு எடுப்பாங்க?"

"அது நல்ல கேள்வி" என்று பெய்ஜ் அதைக் குறித்துக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தில் நல்ல கேள்வி என்று பெயர் எடுத்த எதற்கும் இதுவரை பதில் வந்ததில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் வந்தது. 'இந்தப் பணியிடம் வளர்ச்சிக்கு எவ்வாறு உதவும்?' என்று அதில் கேட்டிருந்தது. 'போன் அடித்தால் எடுப்பார்' என்று ரோண்டா எழுதினாள். குறைந்தது முந்நூறு சொற்கள் தேவை என்று படிவம் திரும்பி வந்தது. மார்ச் பதிப்பில் இல்லாமல் போனவற்றை எல்லாம் வரிசையாக எழுதினாள். முந்நூறு சொற்கள் மிகச் சுலபமாக வந்தன. இந்த முறை, எதிர்மறையான சொற்கள் அதிகம் என்று திரும்பியது.

பிரச்சினை இதுதான் என்று பெய்ஜ் பரிவோடு விளக்கினாள். பாஸ்ச்சர்லைன் வளர்ச்சிக்காக மட்டுமே ஆள் எடுக்கிறது. புதுசாக வருகிறவர் விற்கலாம், விற்பவரை மேற்பார்க்கலாம், மேற்பார்ப்பவரின் நேரத்தை ஒழுங்கு செய்யலாம். போன் என்பது ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பேசுவது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி வாங்குவதில்லை. எனவே அவர்களால் வளர்ச்சி இல்லை.

அந்த வாரம் பதினோரு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் சேரும்போதும் இரண்டாம் தளத்தில் தொங்கும் பெரிய மாட்டுமணியை அடிப்பதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவதும் அங்கே வழக்கம். ஐந்து பேராக இருந்தபோது ரோண்டாதான் அதை ஆரம்பித்துவைத்தாள். இப்போது மணி அடிக்கும்போதெல்லாம் அவள் எதிர்முனையில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுந்து நிற்காமல் இருக்க முடியாது. போன மாதம் ஒருத்தர் நிற்கவில்லை என்று அவருடைய மனநிலை பற்றி மூன்று கூட்டம் நடந்தது. நாளுக்கு இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருந்ததால், மணி அடிப்பதை ஒருங்கிணைக்க ஓர் ஆளை எடுத்தார்கள். அவருக்கும் மணி அடித்தார்கள். ரோண்டா ஒரு காலில் நின்று கைதட்டினாள்.

ஆனால் அவளுடைய படிவம் வீண்போகவில்லை. அதன் பலனாக ஒரு புதிய துறையே உருவாயிற்று. வாடிக்கையாளர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அறிய 'செவிமடுக்கும் துறை' என்று ஒன்பது பேரை எடுத்தார்கள். ஒன்பது தடவை மணி அடித்தது. அவர்கள் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வந்து ரோண்டாவைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் துண்டுக் காகிதக் கட்டு வைத்திருந்தார்கள். ரோண்டா பேசப் பேச எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். 'வாடிக்கையாளர் பசுவை நேசிக்கிறார்.' 'வாடிக்கையாளர் அவசரத்தில் இருக்கிறார், ஏன்?' முதல் நாள் அவள் ஒரு மருத்துவருக்கு மருந்துப் பக்கத்தைத் தேடிக் கொடுத்து முடித்ததும் ஒன்பது பேரும் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மூன்றாம் நாள் கழிப்பறைக்கு எழுந்தாள். கழிப்பறை முப்பது காலடி தூரம். போகவர அவளுக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகும். "அடிச்சா யாராவது எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் முன்னால் சாய்ந்து, கண்ணை மூடி, அது அடிப்பதைச் செவிமடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நொண்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் நின்றுவிட்டது. ஒருத்தி எழுதி ஒட்டினாள்: 'பதினாறு முறை ஒலித்தது. வாடிக்கையாளரின் விசுவாசம் ஆழமானது.'

ஏன் எடுக்கவில்லை என்று ரோண்டா கேட்டாள். எடுத்தால் செவிமடுப்பதை அது பாதிக்கும் என்றார்கள். தவிர, போன் எடுப்பது அவர்களுடைய பதவிப் படியில் இல்லை.

பதவிப் படி என்பது அந்தக் கோடையில் வந்தது. எல்லா வேலைகளையும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை படிகளாக அடுக்கினார்கள். அடுக்கி முடித்ததும், ரோண்டாவின் வேலை எந்தப் படியிலும் இல்லை என்று தெரிந்தது. அவள் நாலு துறைகளின் வேலையைச் செய்கிறாள். அதனால் நாலு துறைகளும் அவள் மற்ற மூன்றில் ஏதோ ஒன்றில் இருப்பதாக நினைத்திருந்தன. இதைச் சொல்லப் பெய்ஜ் நேரிலேயே இறங்கி வந்தாள். "நீங்க படிகளுக்கெல்லாம் அப்பாற்பட்டவங்க ரோண்டா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை சிவப்பு விளக்கில் நின்றபோது ரோண்டா அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பச்சை விழுந்து பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான், படியில் இல்லாதவளுக்கு மாற்று ஆள் எடுக்க முடியாது என்பது அவளுக்கு உறைத்தது.

செப்டம்பர் கடைசியில், பாதி நம்பிக்கை போன பிறகு, ஆள் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மணி அடித்தார்கள். ரோண்டா ரஸீன் நகரத்துக் கடையிலிருந்து பெக்கன் பருப்பு வைத்த கிரிங்கிள் ரொட்டி ஒன்று வரவழைத்திருந்தாள். புதிதாக வந்தவன் பெயர் தியோ. முப்பத்தொரு வயது, நல்ல பையன், நன்றி சொல்லிவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டான். அவன் தொலைபேசி உத்தித் துறையின் தலைவர். அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, காதில் மாட்டும் கருவியை அவனிடம் நீட்டினாள். அவன் பின்வாங்கினான்.

"நான் போன் எடுக்கறவன் இல்ல ரோண்டா. போன் எனக்குச் சொந்தம்."

"சொந்தம்னா எடுக்கலாமே."

"சொந்தக்காரனே எடுத்துட்டா எடுக்க வேண்டியவங்க எப்படி வளர்வாங்க?"

"எடுக்க வேண்டியவ நான் ஒருத்திதான். வளர்ற வயசெல்லாம் தாண்டியாச்சு."

அவன் சிரித்தான். அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதித் தரச் சொன்னான். ரோண்டா பத்து நாள், அழைப்புகளுக்கு இடையில், எழுதினாள். எந்த மருத்துவர் காலை ஆறு மணிக்கே கூப்பிடுவார், யாருக்குக் காது கேட்காது, யாருடைய மனைவி மருந்துக் கணக்கைப் பார்க்கிறாள், மென்பொருள் உறைந்தால் எந்த மூன்று பொத்தான்களை அழுத்த வேண்டும். அறுபத்தொரு பக்கம் வந்தது. எழுதும்போது ஒரு விசித்திரமான பயம் அவளைப் பிடித்தது: இது முடிந்தால் நான் வேண்டியதில்லை. அடுத்த பக்கத்தில் அதைவிட விசித்திரமான ஒன்று: இவ்வளவுதானா நான். தியோ அறுபத்தொரு பக்கத்தையும் ஒரே படமாகச் சுருக்கினான். அதில் ஒரு வட்டமும், அதிலிருந்து வெளியே போகும் அம்புக்குறியும் இருந்தன.

அக்டோபர் பத்து, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லோரும் இரண்டாம் தளத்தில் கூடினார்கள். டெரெக் மேடை ஏறினான். ரோண்டாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"ஒரு உண்மையைச் சொல்லப்போறேன்" என்று டெரெக் ஆரம்பித்தான். "ஆரம்பத்துல அந்தப் போனை நான்தான் எடுத்துட்டிருந்தேன். நிறையப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் யாரோ ஒருத்தர், ஏதோ ஒண்ணு வேலை செய்யலன்னு சொல்வாங்க. நான் உக்காந்து அதைச் சரிபண்ணுவேன். நாள் பூரா சரிபண்ணிட்டே இருந்தேன். ஒரு நாள் யோசிச்சேன்: இப்படியே போனா நல்ல பொருள் ஒண்ணு இருக்கும், பெரிய கம்பெனி இருக்காது. அன்னிக்குத்தான் ரோண்டாவை எடுத்தேன்."

கைதட்டல் எழுந்தது. ரோண்டா வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். குனிந்தபடியே அவன் சொன்னதை மறுபடி கேட்டாள். அது புகழ்ச்சியாக இல்லை.

"நம்ம ரோண்டாவுக்கு ஒரு முழங்கால் பிரச்சினை" என்றான் டெரெக். இருநூற்று அறுபது பேரும் அந்த முழங்காலைப் பார்த்தார்கள். "நாம ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தருக்கு வலின்னா எல்லாருக்கும் வலி. ஒன்பது பேர் கேட்டாங்க, தியோ யோசிச்சான். விடை கிடைச்சுடுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து பாஸ்ச்சர்லைன்ல எடுக்கப்படாத அழைப்புன்னு ஒண்ணு இருக்காது. ஒண்ணுகூட."

பின்னால் திரையில் பெரிதாக ஒரு பூஜ்யம் வந்தது. ரோண்டாவுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி எண்ணையே எடுத்துவிடுகிறார்கள்.

"ரோண்டா, நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றான் டெரெக், கண்கலங்க.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆறு வாரமும் எடுக்க ஆள் வேண்டாம், எடுக்கவே வேண்டாம். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சூடான தண்ணீரில் காலை வைத்த மாதிரி முழுசான நிம்மதி. அது அவ்வளவு சீக்கிரம் வந்ததை அவள் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேசைக்குத் திரும்பி, அடிக்கடி கூப்பிடும் மருத்துவர்களின் பட்டியலை எடுத்தாள். நூற்றுப் பதினெட்டு பேர். இதுவரை அவர்கள்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறையாக அவள் கூப்பிட ஆரம்பித்தாள். எல்லோரிடமும் ஒன்றேதான்: முழங்கால் அறுவைக்குப் போகிறேன், திங்கள் முதல் இந்த எண் இருக்காது, மருந்துப் பக்கத்தை நம்ப வேண்டாம், ஊசி போட்ட பசுவின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுங்கள், நாள் கணக்கைத் தொழுவச் சுவரில் சாக்கட்டியால் எழுதுங்கள். செவிமடுக்கும் துறை அரைவட்டத்தில் வந்து உட்கார்ந்தது. 'ரோண்டாவே அழைக்கிறார்: புதிய வாய்ப்பு?' என்று ஒட்டினார்கள்.

லோவெல் பிரான்ட் என்ற கிழட்டு மருத்துவர், டாட்ஜ்வில் ஊர்ப் பக்கம், மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் பசு ஒன்று முனகியது.

"அப்ப நான் யாரைக் கூப்பிடறது?" என்றார்.

"யாரையும் இல்ல டாக்டர். திரையில ஒரு பெட்டி இருக்கும். அதுல எழுதலாம்."

"ரோண்டா, என் வலது கை தோள் வரைக்கும் மாட்டுக்குள்ள இருக்கு. இடது கையில போன். எதால எழுதச் சொல்ற?"

"எனக்குத் தெரியல டாக்டர்" என்றாள். ஏழு வருடத்தில் அந்தப் போனில் அவள் அதைச் சொன்னது முதல் தடவை.

"கன்னுக்குட்டி வருது, வெச்சுடறேன்" என்றார். பிறகு, வைக்காமல், "அந்தக் காலை ஒழுங்காப் பாத்துக்க. கெட்டுப்போனா மாட்டு டாக்டர் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அலுவலகம் மூடும்வரை எண்பத்து நாலு பேரைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை ரோண்டா வீட்டில் இருந்தாள். அழைப்புகள் பூஜ்யம். மணி அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவளுடைய தங்கை காரில் மருத்துவமனைக்குக் கூட்டிவந்து கூடவே இருந்தாள். பின்பக்கம் கட்டும் அங்கியை மாட்டிக்கொண்டு ரோண்டா கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய சொந்தப் போன் அடித்தது. டெரெக்.

எண்பத்தெட்டு மருத்துவர்கள் கணக்கை மூடச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். எல்லோரும் அந்தப் பெட்டியில்தான் எழுதியிருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில்: 'நிறுத்து.' சிலர் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள், ஒற்றைக் கையால் எழுதியது போல. அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எண்கள் இருக்கின்றன. ஆனால் என்ன பேசுவது என்று முப்பது பேர் நேற்றிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள்; பதினெட்டாவது வரைவு போய்க்கொண்டிருக்கிறது.

"ரோண்டா, உங்க குரலைத்தான் அவங்களுக்குத் தெரியும்" என்றான். குரல் உடைந்திருந்தது, அவன் நடிக்கவில்லை. "ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா? டாக்டர்கிட்ட நானே பேசறேன். மறுபடி உடனே தேதி வாங்கித் தர்றது என் பொறுப்பு. நீங்க இல்லாம இது நடக்காது."

இந்தச் சொல்லுக்காக அவள் எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உடம்பு அதற்குத் தானாகவே பதில் சொன்னது. வலது கால் கட்டிலிலிருந்து தரையைத் தேடி இறங்கத் தொடங்கியிருந்தது. பாதம் தரையில் பட்டதும் முழங்கால் தன்னுடைய கருத்தைச் சொன்னது. கதவருகில் ஒரு நர்ஸ், கையில் பேனாவோடு, அவசரப்படுத்தாமல் நின்றிருந்தாள்.

ரோண்டா காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபடி கட்டிலில் வைத்தாள்.

"டெரெக், ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்க. உங்க பேரைச் சொல்லுங்க. அப்புறம் பேசாம இருங்க."

"பேசாம இருந்து?"

"அவங்க சொல்வாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க முடிக்கற வரைக்கும்."

எதிர்முனையில் யாரிடமோ அவன் சொல்வது கேட்டது: எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க. ரோண்டா போனை அணைத்துத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

நர்ஸ் அருகில் வந்து, எந்த முழங்கால் என்று கேட்டாள். வலது என்று ரோண்டா சொன்னாள். நர்ஸ் அந்தத் தொடையில் பேனாவால் ஒரு குறி போட்டாள். மயக்க மருந்து கொடுப்பவர் வந்து அதையே கேட்டார். பிறகு அறுவை மருத்துவர் வந்து கேட்டார். உள்ளே போகும் வழியில் கட்டிலைத் தள்ளியவர் நிறுத்திவிட்டு, தெரியாதவர் போல இன்னொரு முறை கேட்டார். நாலு பேரும் கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறந்து சொல்லி முடிக்கும்வரை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"வலது" என்றாள் ரோண்டா, நாலாவது தடவையும், முதல் தடவை சொல்வது போலவே. அவள் கண்ணில் ஏன் தண்ணீர் வருகிறது என்று கட்டிலைத் தள்ளியவருக்குப் புரியவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்கும் காத்திருந்தார்.